சென்னியப்பன் அண்ணனின் வாள்பிடி

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்று உருக்கும் நாள். காலையிலேயே பெரிய எவர்சில்வர் போசியில் தண்ணீரைச் சுட வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்து, "டீயா?" என்று கேட்டார். அவருக்கு அடுப்பில் எது இருந்தாலும் டீதான்.

எங்கள் ஞாயிறு நாடகக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நாடகம் கடைசியாக மேடையேறி முடிந்ததும், அதற்காகச் செய்த சாமான்களை உருக்கி அடுத்த நாடகத்துக்கு எடுத்துக்கொள்வோம். எனக்கு நடிக்க வராது. பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சர் என்பதால் சாமான் செய்கிற வேலை என் தலையில் விழுந்தது. எல்லாம் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் மணியில் செய்வதுதான். பாக்கெட்டில் வாயில் நுழையாத ஏதோ பெயர் போட்டிருக்கும். நாங்கள் அதை ஜவ்வரிசி என்போம். வெந்நீரில் போட்டால் ஜவ்வரிசி வெந்த மாதிரியே கண்ணாடியாகிவிடும். அள்ளிப் பிசைந்தால் கை சொன்னபடி கேட்கும். ஆறினால் வெளுத்து இறுகி, தரையில் ஓங்கி அடித்தாலும் உடையாது. திரும்ப வெந்நீரில் போட்டால் திரும்ப மாவு.

புது நாடகத்தில் எமதர்மன் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறார். கொம்பு வைத்த கிரீடம் வேண்டும். "கடைசி பெஞ்சுல உக்காந்தவனுக்கும் கொம்பு தெரியோணும் டீச்சர்" என்று இயக்குநர் அருணகிரி சொல்லிவிட்டார். அவ்வளவு பெரிய கொம்புக்கு கையிருப்பு மணி போதாது. போன நாடகத்தின் பெட்டியைக் கவிழ்த்தேன். ராணியின் ஒட்டியாணம், காவலாளிகளின் தோடு, தளபதியின் வாள்பிடி எல்லாம் போசிக்குள் போயின. மற்றவை சீக்கிரம் மாவாகிவிட்டன. வாள்பிடி கனம், அதனால் நேரம் எடுத்தது. விரல் தடங்களோடு அடியிலேயே கிடந்தது. கரண்டியால் அழுத்திவிட்டேன்.

தளபதியாக நடித்த சென்னியப்பன் அண்ணன் தை மாதம் தவறிவிட்டார். ஃபவுண்டரியில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். எமன் வேஷத்தை அவருக்கென்றே அருணகிரி எழுதியிருந்தார். இப்போது வேறு ஆள்.

கொம்பு இரண்டும் பிரமாதமாக வந்திருக்கிறது.


பிப்ரவரி 24

இடது கொம்பு கொஞ்சம் சாய்ந்துவிட்டது. ஹேர் டிரையர் காட்டி நிமிர்த்தினேன்.


மார்ச் 2, ஞாயிறு

ஒத்திகைக்கு ருக்மணியக்கா வந்திருந்தார். சென்னியப்பன் அண்ணனின் வீட்டுக்காரம்மா. காரியமெல்லாம் முடிந்தபின் வெளியே வருவது இதுதான் முதல் தடவையாம். எல்லாரும் எழுந்து நின்றோம். அவரேதான் "உக்காருங்க, நீங்க பண்றதப் பண்ணுங்க" என்றார்.

டீ வேளையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அம்மிணி, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. அவரு கத்தி ஒண்ணு புடிச்சிட்டு நடிச்சாரல்லோ, அந்தப் புடி உங்கிட்ட இருக்குமா?"

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அத செஞ்ச அன்னிக்கு ஊட்டுக்கு வந்து உள்ளங்கையக் காட்டுனாரு, செவசெவன்னு. சூடா மாவக் குடுத்து அந்த டீச்சர் அமுத்திப் புடிக்கச் சொல்லுச்சு, என்ற கை அப்படியே அதுல உளுந்திருச்சு பாத்துக்கன்னாரு. போட்டோ இருக்குது. சட்டையெல்லாம் தொவச்சு யாருக்கோ குடுத்துட்டாங்க. அவரு கைன்னு எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

உண்மைதான். வாள் நழுவக்கூடாது என்பதற்காக, பிடி இளகியிருக்கும்போதே நடிப்பவரின் கையில் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்வேன். அவரவர் கை அதில் பதிந்துவிடும். அண்ணனுக்கு மோதிர விரலில் நுனி கிடையாது. ஃபவுண்டரியில் அச்சுப்பெட்டிக்கு அடியில் போய்விட்டது. பிடியில் அந்த இடம் மட்டும் பள்ளம் குட்டையாக இருக்கும்.

"அக்கா, அத உருக்கிட்டேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் சொன்னது இது: "பத்திரமா ஊட்ல வெச்சிருக்கறனுங்க்கா. அடுத்த ஞாயித்துக்கெழம கொண்டாறேன்."

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எங்களுக்கு நேர் பின்னால் மேஜை மேல் கொம்பு இருந்தது.


மார்ச் 5

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். பெட்டியில் பத்துப் பதினைந்து சாமான் இருந்தது. அவசரத்தில் மொத்தமாகக் கவிழ்த்தேன். அதற்குள் வாள்பிடி இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. யாராக இருந்தாலும் இப்படித்தான் நடந்திருக்கும்.

கொம்பை உருக்கினால் மாவு திரும்ப வரும். கை வராது. இது தெரிந்தும் இன்று பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு மாம்பழம் வரையச் சொல்லிவிட்டு இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.


மார்ச் 8, சனி

செய்துவிட்டேன்.

புதிதாக மணி வாங்கி, நடு மதியத்தில் இவரை அடுக்களைக்குக் கூப்பிட்டேன். இவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். கை அகலம். சென்னியப்பன் அண்ணனின் கையும் அந்த அளவுதான் இருக்கும்.

விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஏன் விமலா, உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? செத்தவரு கைக்கு என்ற கையக் குடுக்கறதா?"

"ஒரு நிமிஷந்தானுங்க. சும்மா புடிங்க."

"போயி உள்ளதச் சொல்லீரு. ரெண்டு திட்டுத் திட்டும், வாங்கிக்க."

"திட்டுனா வாங்கிக்குவேன். அழுதா?"

இருபது வருஷத்தில் இவரை நான் வாதத்தில் ஜெயிக்காத நாள் கிடையாது. இன்று தோற்றிருக்கலாம்.

பிடித்தார். சூடு பொறுக்காமல் முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஆறும் வரை பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு நான் ஒரு துளி மாவை உருட்டி, மோதிர விரல் பள்ளத்தின் நுனியில் வைத்து அடைத்தேன். டீத்தூள் தண்ணீரில் ஊறப்போட்டுப் பழசாக்கினேன். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தேன். மேடையில் வேர்த்த கை பட்டது போலவே இருக்கிறது.

அந்த நுனியை அடைக்க நான் மறக்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கைவேலையில் இவ்வளவு கவனம் எனக்கு எப்போதும் வந்ததில்லை.


மார்ச் 9, ஞாயிறு

கொடுத்துவிட்டேன். வாங்கினதும் அவர் முதலில் செய்தது, ஆள்காட்டி விரலை அந்தக் குட்டைப் பள்ளத்தில் வைத்துப் பார்த்ததுதான். "இதா, இதா" என்றார். அப்புறம் தன் விரல்களை ஒவ்வொன்றாகப் பள்ளங்களுக்குள் வைத்தார். அவர் விரல் ஒல்லி. உள்ளே ஓரமாகத்தான் கிடந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சுற்றி நின்ற எல்லாரும் அழுதார்கள். நானும்தான் அழுதேன், என்ன தைரியம் எனக்கு.

ஒரு டப்பா வெல்லக் கச்சாயம் சுட்டுக் கொண்டுவந்திருந்தார். எனக்கென்றே.


மார்ச் 11

கச்சாயத்தை என்னால் வாயில் வைக்க முடியவில்லை. இவர் தின்கிறார். "கை என்னுதுதான, கூலி வந்திருக்குது" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் டப்பாவை மூடிவிட்டார்.


மார்ச் 27

பரீட்சை வேலை. எழுத ஒன்றுமில்லை.


ஏப்ரல் 6, ஞாயிறு

ருக்மணியக்கா இப்போது வாராவாரம் ஒத்திகைக்கு வருகிறார். எல்லாருக்கும் மோர் கொண்டுவருகிறார். இன்று எமன் கிரீடத்தோடு மேடைக்கு வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று அருணகிரிக்கே கண் கலங்கிவிட்டது.

முடிந்ததும் கிரீடத்தை வாங்கி, கொம்பைத் தடவிப் பார்த்தார். "நெசக் கொம்பாட்டவே இருக்குது அம்மிணி. உன்ற கை யாருக்கு வரும்?"

நான் தூரிகை கழுவப் போவதாகச் சொல்லிக் குழாயடிக்குப் போய்விட்டேன். கழுவுவதற்குத் தூரிகை ஏதும் இல்லை.


ஏப்ரல் 18

ருக்மணியக்கா போனில் கூப்பிட்டார். வெயில் கொளுத்துகிறதே, ஜன்னல் பக்கம் வைத்தால் பிடிக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டார். நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். வெயில் படுகிற ஜன்னல், அடுப்பு, விளக்கு, இஸ்திரிப் பெட்டி எதுவும் பக்கத்தில் ஆகாது. கட்டிலடி அலமாரிதான் நல்லது. "அப்ப தலகாணிக்கு அடீல வெக்கறது செரிதான்" என்றார். அங்கேதான் வைத்திருக்கிறாராம்.

அதோடு பேசுவாராம். "பைத்தியமுன்னு நெனைக்காத. கேஸ் தீந்துபோச்சு, மக போன் பண்ணுனா, இப்படித்தான். ஊட்ல ஆளிருந்தாச் சொல்ற பேச்சு."

வீட்டுக்கு வந்து இதை இவரிடம் சொல்லியிருக்கக்கூடாது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். "எனக்குக் கூசுது விமலா" என்றார். அதற்குப் பிறகு சாதத்தைத் தொடவில்லை.

சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். ருக்மணியக்கா நிம்மதியாக இருக்கிறார். அதைப் போய் ஏன் கலைப்பது? அவர் நன்மைக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். இதை எழுதிவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்தேன். எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது.


மே 4, ஞாயிறு

இன்று ஒத்திகையில் நடந்தது இது.

ருக்மணியக்கா முகம் வாடியிருந்தது. என்ன என்று கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு பையிலிருந்து பிடியை எடுத்தார்.

"இதப் பாரம்மிணி. சுண்டு விரலு. இப்படிக் கோணையா வெளிய போகுதல்லோ?"

பார்த்தேன். நான்கு பள்ளத்தில் மூன்று நேராக இருந்தன. சுண்டு விரல் பள்ளம் மட்டும் நுனியில் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. செய்த அன்று இது என் கண்ணில் படவே இல்லை. மோதிர விரலை அடைப்பதிலேயே என் புத்தி முழுக்க இருந்தது.

"அவரு சுண்டு விரலு கோணைன்னு எனக்குத் தெரியவே தெரியாது" என்றார். "இருவத்தெட்டு வருசம். அந்தக் கைக்குச் சோறு போட்டேன், மருந்து போட்டேன். நகம் வெட்டி உட்டிருக்கறேன். நேரா இருந்த மாரித்தான் எனக்கு நெனப்பு. அப்ப நான் என்னத்தப் பாத்தேன்? மககிட்டக் கேட்டேன், அவளுக்கும் தெரியலீங்கறா. கட்டுன பொண்டாட்டி, எனக்கே தெரியலீன்னா அவரு யாருகூடப் பொழச்சாரு?"

"அப்படியெல்லாம் இல்லீங்க்கா" என்றேன்.

"வெறும் வேல வேலன்னு ஓடீருக்கறேன் பாரு. மனுசன் கையப் பாக்கல" என்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, இவர் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் வலது கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். சுண்டு விரல் கோணல். "கிரிக்கெட்ல ஒடிஞ்சது. கல்யாணத்துக்கு முந்தி" என்றார். "இத்தன நாளா நீ பாத்ததில்லையா?"

பார்த்ததில்லை. கட்டிய புருஷன் கையைப் பார்க்காதவள் நான். அந்தப் பழி அந்த மனுஷி தலையில் விழுந்திருக்கிறது.


மே 7

தூக்கமில்லை. பள்ளி விடுமுறை வேறு, ஓடி ஒளிய வேலையும் இல்லை.

சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் நன்மைக்காக மூடி வைத்திருக்கிறேன் என்று இனியும் எழுத முடியாது. "நானும் வரட்டா?" என்று இவர் கேட்டார். வேண்டாம் என்றேன்.


மே 9

போகவில்லை. மழை வருகிற மாதிரி இருந்தது. வரவில்லை.


மே 11, ஞாயிறு

ஒத்திகைக்கு ருக்மணியக்கா வரவில்லை. மோர் மட்டும் யாரிடமோ கொடுத்து அனுப்பியிருந்தார்.


மே 12

போனேன். எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

அவர் கூடத்தில் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "வா அம்மிணி, உக்காரு" என்று முறத்தை நகர்த்தினார். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று நின்றுகொண்டே சொன்னேன். அந்தப் பிடி அண்ணனுடையது இல்லை. அண்ணனுடையதை எமன் கொம்புக்காக உருக்கிவிட்டேன். நீங்கள் கேட்டபோது சொல்லப் பயந்து, எங்கள் வீட்டுக்காரர் கையில் கொடுத்துச் செய்தது இது. மோதிர விரல் நுனியை நான்தான் அடைத்தேன்.

அவர் வெங்காயத்தைக் கீழே வைக்காமல் என்னையே பார்த்தார். சொன்னது காதில் விழுந்ததா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"சுண்டு விரலு?" என்றார்.

"அது எங்கூட்டுக்காரரு சுண்டு விரலுங்க்கா. அவருக்குத்தான் ஒடிஞ்சது."

"அப்ப எங்கூட்டுக்காரருக்கு?"

"அண்ணனுக்கு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத்தானுங்க்கா தெரியும்."

அவர் முகம் மாறியதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. கோபம் வரும், அழுகை வரும் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். வந்தது சந்தோஷம். "நேராத்தான் இருந்துச்சு!" என்றார். "நேராத்தான் அம்மிணி! எனக்கு நெனப்பிருந்துச்சு. நான் மறக்கல!" தன் சுண்டு விரலை நீட்டிக் காட்டினார், இப்படி, இப்படித்தான் என்று. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, சிரிக்கிறார். ஒரு வாரமாக மனுஷி என்ன பாடு பட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. உட்கார்ந்துவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் தீர்ந்தது, நல்லபடியாக முடிந்தது என்று என் நெஞ்சு அவ்வளவு லேசாகிவிட்டது.

அறைக்குள் போய்ப் பிடியை எடுத்துவந்தார். புடவைத் தலைப்பில் சுற்றித்தான் பிடித்திருந்தார், விரல் படாமல். என் பக்கத்தில் தரையில் வைத்தார்.

"உங்கூட்டுக்காரரு பாவம். அவருகிட்ட நான் கோவிச்சுக்கலீன்னு சொல்லு" என்றார். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழந்தைக்கு வழி சொல்லிக்கொடுக்கிற குரலில் கேட்டார்: "பெட்டீல கெடந்தது. எதுன்னு தெரியாமத்தான தண்ணீல போட்டே?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆமாங்க்கா என்று சொல்லிவிட்டு, வெங்காயம் உரிக்க ஒரு கை கொடுத்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு வந்திருக்கலாம். இந்த நாட்குறிப்பிலேயே அப்படித்தான் எழுதிவைத்திருக்கிறேன்.

"தெரிஞ்சுதானுங்க்கா போட்டேன்" என்றேன். "எடுத்து ஒரு தடவ பாத்தேன். அண்ணன் கைன்னு தெரிஞ்சுது. கொம்பு குட்டையாப் போயிருமேன்னு போட்டுட்டேன். கரையாமக் கெடந்தப்பக் கூட எடுத்திருக்கலாம். அமுத்தி உட்டேன்."

அவர் முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு வெங்காயம் உரித்தார். இன்னொன்று எடுத்தார்.

"நீங்க போங்க" என்றார்.

இத்தனை நாளும் அம்மிணி, வா, போ என்று பேசியவர். எங்கள் பக்கம் பகைக்காரர் கிளம்பினால்கூடப் போயிட்டு வாங்க என்றுதான் சொல்வோம். நான் பிடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தேன். வாசலில் செருப்பு மாட்டும்போது கொக்கி சிக்கிக்கொண்டது, குனிந்து போராடிக்கொண்டிருந்தேன். உள்ளே அவர் மகளுக்குப் போன் போட்டுவிட்டார்.

"கண்ணு, அப்பா கை நான் சொன்ன மாரித்தான்டா. சுண்டு விரலு நேராத்தான் இருந்துச்சாமா. ஆமா. இல்ல, அந்தப் புடி அப்பாவுது இல்ல, அத உடு. அது யாரோ செஞ்சது."